பதினாலும் பதினைந்தும்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற நினைப்பு. வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று இத்தனை பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உறையைப் பார்த்ததுமே நீ பயந்திருப்பாய். பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆகிவிடக் கூடாது என்று செய்த காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், குழந்தை இருப்பாள், நான் சொல்ல வந்ததோ நாலு பேர் நடுவில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. கடைசி வரி வரைக்கும் படிக்காமல் போனைத் தொடாதே.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொன்னேன் இல்லையா, ஆள் எதற்கு நானே பார்த்துக்கொள்கிறேன் பேர்வழி என்று உன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினார், இப்போது சொட்டுவதில்லை, தண்ணீரே வருவதில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு எதையும் இறுக்கிப் பிடித்துத்தான் பழக்கம். எனக்குக் கண்ணாடிக் கடையில் இன்னும் வாரத்தில் ஐந்து நாள் வேலை. முதலாளி கண் பரிசோதிக்கப் புது மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார், ஆனாலும் ஃபிரேமை ஆளுடைய மூக்குக்கும் காதுக்கும் பொருந்த வளைத்துக் கொடுப்பதற்கு என் விரல்தான் வேண்டியிருக்கிறது, அதனால் என்னை வீட்டுக்கு அனுப்ப அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. என் கிட்னியும் ஒழுங்காக வேலை செய்கிறது, அதாவது அப்பா கொடுத்த கிட்னி. பன்னிரண்டு வருடம் முடிந்துவிட்டது, இன்றைக்கும் காலையில் நான் மாத்திரையைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் என் ஆள் எப்படி இருக்கான் என்று அதைத்தான் முதலில் கேட்கிறார், அப்புறம்தான் என்னை விசாரிக்கிறார்.

விஷயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது கிட்னி டாக்டர் என் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பத்து வருஷம் தாண்டிட்டீங்க, உங்களுக்கு இன்னொரு டெஸ்ட்டும் பண்ணிடலாம் என்றார். மாற்றிவைத்த கிட்னியை உடம்பு வெளியே தள்ளாமல் இருக்க நான் சாப்பிடுகிறேனே மாத்திரை, அது உடம்பின் காவலையே கொஞ்சம் தூங்க வைத்துவிடுகிறதாம். ஒரு வைரஸ் இருக்கிறது, கல்யாணம் ஆன முக்கால்வாசிப் பேருக்கு எப்போதாவது வந்துவிட்டுப் போயிருக்கும், யாருக்கும் தெரியாது, அது தானாகவே போய்விடும், என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் போகாமல் ஒண்டிக்கொண்டு, வருடக்கணக்கில் சத்தம் போடாமல் இருந்து, கடைசியில் புற்றுநோயாக மாறலாமாம். எங்கே என்று கேட்டால், சிட்டு, எழுதக் கை கூசுகிறது. அந்த இடம். மூலம் வந்தால் யாரிடமும் சொல்லாமல் தலையணை போட்டு உட்காருவார்களே, அந்த இடம்தான். எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லையாம், மாற்று உறுப்பு வைத்துக்கொண்டு வருடங்கள் ஆனவர்கள், எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், பெண்ணுறுப்பில் முன்பே இந்த மாதிரிக் கோளாறு வந்து வைத்தியம் செய்துகொண்டவர்கள், இவர்களுக்குத்தான் அவசியம் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒரு நர்ஸ் பஞ்சு முனைக் குச்சி மாதிரி ஒன்றை வைத்து அரை நிமிடத்தில் எடுத்துவிட்டாள், வலி ஒன்றும் இல்லை, வெட்கம்தான் மூன்று நாள் வலித்தது.

பத்து நாள் கழித்துக் காகிதம் வந்தது, சில அணுக்கள் சரியாக இல்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற டாக்டரிடம் காட்ட வேண்டும், அவர் ஒருவாரம் விட்டு ஒருவாரம் வியாழக்கிழமைதான் வருவார் என்று. அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடத்தில் அவரிடம் ஒளித்த முதல் காகிதம் இதுதான். தான் கொடுத்த கிட்னியைக் காப்பாற்றுகிற மாத்திரைதான் இதற்கும் கதவைத் திறந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த மனுஷன் சாப்பிட மாட்டார் என்று நினைத்தேன். டாக்டர் ஒருவருக்குக் கண்ணாடி அளவெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்குத் துணையாக என் அளவுகோலையும் கைப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாவது மாடியில் நீளமான தாழ்வாரம், சுவரோரம் பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், கோடியில் தண்ணீர் மெஷின். டோக்கன் பதினைந்து. உட்கார இடம் தேடித் திரும்பினால், ஜன்னலுக்குக் கீழே முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறார் யார் தெரியுமா, உன் மாமியார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு ஸ்கேல் டீச்சர் என்று பெயர் வைத்தது சும்மா இல்லையடி, நாற்பது வருடம் டீச்சராக இருந்து தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவரின் பார்வை, அந்தப் பார்வையோடு என்னைப் பார்த்து, சம்பந்தியம்மா நீங்க எங்க இந்தப் பக்கம் என்றார். டாக்டருக்குக் கண்ணாடி அளவெடுக்க வந்தேன் என்று அப்பாவுக்குச் சொன்ன பொய்யையே மாற்றாமல் சொன்னேன். நீங்க என்று கேட்டேன். என் பழைய மாணவி ஒருத்தி இங்க வேலை பாக்குறா, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்றார். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன் கல்யாணம் ஆகிப் பதினாலு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெயிலைப் பற்றிப் பேசினோம்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். சின்னப் பெண், உனக்கு நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். உன் மாமியார் உடனே என் முழங்கையை இடித்து, இதோ டாக்டரே வந்துட்டாங்க, போய் அளவெடுங்க என்றார். வேறு வழி இல்லை. போனேன். கைப்பையில் இருந்து அளவுகோலை எடுத்து, கொஞ்சம் நேராப் பாருங்க டாக்டர் என்றேன். அந்தப் பெண் மிரண்டு போய், எனக்குக் கண்ணாடி வேணும்னு உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். ஃபிரேம் மூக்கில் இறங்கிக்கொண்டே வந்தது, அது ஒன்றுதான் என் மானத்தைக் காப்பாற்றியது. அதைக் காட்டி, தொழில் பழக்கம் டாக்டர், கண்ணுல பட்டுச்சு, விட மனசு வரலை என்று சமாளித்து இரண்டு கண்ணுக்கும் நடு அளவை எடுத்தேன். அறுபத்திரண்டு மில்லி. அவளும் சிரித்துக்கொண்டே நின்று கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் நர்ஸ் கூப்பிட ஆரம்பித்தாள். பதிமூன்று என்றதும் உன் வயதுப் பெண் ஒருத்தி டக்கென்று எழுந்து போனாள், அவள் பாட்டுக்குப் போய் அவள் பாட்டுக்கு வந்தாள். அடுத்து பதினாலு என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். உன் மாமியார் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்காங்க பாருங்க, ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை என்றார். ஆமாம் ஆமாம் என்றேன். அடுத்து பதினைந்து. அது நான். உள்ளங்கையில் டோக்கன் வேர்வையில் நனைந்து கூழாகிவிட்டது, எழுந்திரு எழுந்திரு என்று எனக்குள்ளேயே சொல்கிறேன், உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது. பொண்ணு கொடுத்த வீட்டுக்காரி, பையனைப் பெற்றவர் முன்னால் எழுந்து அந்த அறைக்குள் எப்படிப் போவது சொல். நர்ஸ் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு இரண்டு எண்ணையும் பேனாவால் அடித்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து, மறுபடியும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். என்னைவிட முட்டாள் இந்த உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டில் இன்னொரு முட்டாள் இருப்பது அப்போது தெரியாது.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. உன் மாமியார் வந்தார். திருகாணி தளர்ந்துபோச்சு, கொஞ்சம் பாருங்க என்று கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். நான் திருப்புளியை வைத்துப் பார்க்கிறேன், திருகாணி கல்லு மாதிரி இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் முகம் கலங்கலாகத்தான் தெரியும், அதற்காகத்தான் கழற்றிக் கொடுத்தாரோ என்னவோ, மெதுவாக, சம்பந்தி, பதினஞ்சு நீங்கதானே என்று கேட்டார். திருப்புளியைக் கீழே வைத்தேன். பதினாலு நீங்கதானா என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு அழுகை வந்தது, கொஞ்ச நேரத்தில் மாற்றி மாற்றி வந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன வருடம் அவருக்குக் குடலிறக்கம் என்று சொல்லி ஆபரேஷன் நடந்ததே, மாப்பிள்ளை லீவு போட்டு வருகிறேன் என்றபோது வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாரே, அது குடலிறக்கம் இல்லை சிட்டு. பெண்ணுறுப்பின் வெளித்தோலில் புற்றுநோய்க்கு முந்தின மாற்றம் என்று கண்டுபிடித்து, அந்தத் துண்டை எடுத்திருக்கிறார்கள். அது வந்தவர்களுக்கு நான் மேலே சொன்ன அந்த இடத்திலும் வர வாய்ப்பு அதிகம், ஒரு வருடத்துக்குள் பார்த்துவிடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். தேதி வாங்குவதும் தள்ளிப்போடுவதுமாக இருந்து, கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்த நாளில்தான் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாப்பது வருஷம் பிள்ளைங்ககிட்ட நம்பர் சொன்னா எழுந்து நில்லுன்னு சொன்னவ நான், என் நம்பரைச் சொன்னப்போ எனக்கு எழுந்திருக்க வரலையே சம்பந்தி என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, நடுவில் கண்ணாடி மேஜை இருந்ததால் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நம்பர் கூப்பிட்டப்போ காணோமே, ரெண்டு பேரும் வெளியூரா என்றாள். இல்லைம்மா, சம்பந்திங்க என்றேன். என்ன புரிந்ததோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு அடுத்து டாக்டர் வருகிற வியாழனுக்கே இடம் போட்டுக் கொடுத்தாள். அன்று நான் முதலில் போனேன், அவர் வெளியே என் கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தார். டாக்டர் என்னைப் பார்த்ததும், அறுபத்திரண்டுதானே என்றாள். நானும் சும்மா போகவில்லை, முதலில் அந்தக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மூக்குப்பட்டையை நெருக்கிக் கொடுத்தேன், பார்க்கப் போவது என்னை, அவளுக்குச் சரியாகத் தெரிய வேண்டாமா. இடப்பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். முதலில் உறை போட்ட விரலால் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் ஒரு சின்னக் குழாய், அதன் வழியாக வினிகரில் நனைத்த துணி. நாம் பாட்டிலில் வாங்குகிறோமே அதே வாசனைதான். கெட்டுப்போன அணுக்கள் வினிகர் பட்டால் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்கு வெட்கம் தாங்காமல், வாயை எதிலாவது ஈடுபடுத்த வேண்டும் என்று, அந்த லென்ஸ் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும் டாக்டர் என்று கேட்டேன். அவள் சந்தோஷமாகத் திரையையே என் பக்கம் திருப்பிவிட்டாள். பார்த்தால், கன்னத்தின் உள்பக்கம் மாதிரி இளஞ்சிவப்பாக, சுத்தமாக, ஓர் ஓரத்தில் மட்டும் அரிசி அளவு வெள்ளை. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஆகிவிட்டது. அந்த வெள்ளையில் ஒரு கிள்ளு எடுத்தார்கள், எறும்பு கடித்த மாதிரி இருந்தது, இரண்டு நாள் எரிந்தது, பொட்டு ரத்தம் பட்டது, அவ்வளவுதான். உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

எனக்கு லேசான மாற்றம்தான், இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், வருடம் தவறாமல் வந்து காட்டினால் போதும் என்று முடிவு வந்தது. உன் மாமியாருக்குத்தான் கொஞ்சம் முற்றின மாற்றம். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இது புற்றுநோய் இல்லைம்மா, அதுக்கு முன்னாடி நிக்கிற படி, விட்டுட்டா சில பேருக்கு வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் போயிடும், இப்பவே பொசுக்கிட்டா அது குறையும், அப்புறமும் நீங்க விடாம வந்து காட்டணும் என்று சொன்னாள். மரத்துப்போக ஊசி போட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அடுத்த மாதம் முதல் வியாழன் தேதி கொடுத்திருக்கிறார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவர் பஸ்ஸில் ஏறியதும் பேச்சை மாற்றிவிட்டார். வயசு அறுபத்தஞ்சு ஆச்சு, இதுக்கு மேல எதுக்கு, என் பையனுக்குத் தெரிஞ்சா எந்த முகத்தோட அவன்கூட பேசுவேன், விட்டுடலாம் சம்பந்தி என்கிறார். இரண்டு வாரமாக நானும் சொல்லிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். கோபித்தபோது எனக்கே பயமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் திருப்பிக் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் நம்பர் கூப்பிடும்போது உட்கார்ந்தே இருந்துவிடுவாரோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே கவலை.

போன ஞாயிறு அப்பாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் இருந்துவிடுவார் என்று பயந்தேனே, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, என் கிட்னி இருக்கிற வீட்ல எது நடந்தாலும் எனக்குத் தெரிஞ்சாகணும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் திரும்பினார். அடுத்த வருடம் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறார். இத்தனை நாள் ஒளித்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இதைப் போய் உன் மாமியாரிடம் சொன்னேன். என் பையன்கிட்ட என்னால சொல்ல முடியாது, நீங்க உங்க பொண்ணுக்கு எழுதுங்க, அவ சொல்லட்டும், அவளுக்குத்தான் அவன்கிட்ட பக்குவமாப் பேசத் தெரியும் என்றார். சிட்டு, உன் சமையலைக்கூட ஒரு நாள் வாய்விட்டுப் பாராட்டாதவர் இதைச் சொன்னார். அவர் சொன்னதால்தான் எழுதுகிறேன், நானாக ஒருவர் ரகசியத்தை எடுத்துவிடுகிறவள் இல்லை.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். மாப்பிள்ளையிடம் ஆர அமரச் சொல். அவர் பதறிக்கொண்டு டிக்கெட் போட வேண்டாம், ஏன் மறைச்சீங்க என்று அம்மாவைக் கேட்கவும் வேண்டாம், அந்த ஒரு கேள்வி போதும் உன் மாமியார் வீட்டை விட்டே வெளியே வராமல் இருக்க. அந்த வியாழனுக்கு முந்தின புதன்கிழமை சாயந்திரம் வழக்கம்போலப் போன் பண்ணி, நாளைக்குப் போயிட்டு வாங்கம்மா, முடிஞ்சதும் சொல்லுங்க என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். பேத்தியின் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிக்குக் கையெழுத்துக் கேட்டார்கள், போடலாமா வேண்டாமா, அத்தை இந்த வயதில் எதற்கு என்கிறார்கள் என்று போன மாதம் கேட்டாயே, அது இந்த வைரஸுக்குத்தான். போடு. அத்தையும் இப்போது போடச் சொல்கிறார், அந்தக் காகிதத்தை இன்னும் தொலைக்காமல் வைத்திருக்கிறாளா என்று இரண்டு தடவை என்னைக் கேட்டுவிட்டார். நீயும் உன் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, வேலை வேலை என்று சாக்குச் சொன்னால் கேட்க மாட்டேன். குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளைக்கு அனுப்பின கண்ணாடிக் கூட்டில் சின்னத் திருகாணி நாலு வைத்திருக்கிறேன், தூசி என்று கொட்டிவிடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒன்றையும் ஒளிக்காமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். புதன்கிழமையை மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவில்,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை உன் மாமியாரிடம் படிக்கக் கொடுத்தேன், அவர் விஷயம், அவர் பார்க்காமல் அனுப்பக் கூடாது இல்லையா. கைப்பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். மேலே சிவப்பாக இருப்பதெல்லாம் அவர் கைதான். நான் கூச்சப்பட்டு அந்த இடம் அந்த இடம் என்று எழுதின வரி ஒவ்வொன்றிலும் கோடு அடித்து, மேலே ஆசனவாய் என்று எழுதியிருக்கிறார் பார். இந்த வரியிலும் அடிப்பார். உட்கார்ந்தே இருந்துவிடுவாரோ என்று நான் கவலைப்பட்ட வரியில் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அப்புறம் அதை அடிக்காமல், ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். கடிதத்தைத் திருப்பிப் பிடித்தால் தெரியும். சின்ன எழுத்தில், பதினாலு, உள்ளேன் என்று எழுதியிருக்கிறார்.